பவளம் சேர்த்தலும் பற்று வளர்த்தலும்

அழகியதொன்றைக் காணுங்கால் அதனை நமதாக்கிக்கொள்ள வேண்டும் என்னும் எண்ணம் எழுவது மக்கள் இயல்பு. அவ்வழகிய பொருள் உயிருடையதாயின் அவ்வெண்ணம் அன்பா, வேட்கையா? இவ்வினாவை ஆராய்தற்பொருட்டு, இல்லத்துக் கண்ணாடித் தொட்டியில் கடற்பவளங்களைச் சேர்த்து வளர்க்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்வோம்.

நாம் குறிப்பது மோதிரத்தில் பதிக்கும் செம்பவளமன்று; வெப்பக் கடல்களில் பாறையென வளரும் கல்பவளமாகும். எண்ணிறந்த சிற்றுயிர்கள் ஒட்டி வாழும் குடியிருப்பே அது. அவ்வுயிர்களின் உடலில் நுண்பாசிகள் தங்கி, கதிரொளியால் உணவாக்கி அவற்றிற்கு ஈகின்றன. அவை பாசிகளுக்கு உறைவிடம் தருகின்றன. ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று நிலைபெறும் என்னும் உண்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? கோடையின் வழக்கமான வெப்பத்தினும் கடல்நீர் ஓரிரு பாகை மிகுந்து சில வாரம் நீடிப்பின் பாசி அகலும், பவளம் வெளுக்கும், வெப்பம் தணியாவிடின் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இக்கேடு நேர்ந்தது.

இத்துணை மெல்லிய உயிரை வீட்டில் வளர்ப்போர், நீரின் வெப்பத்தை 25 பாகை அளவிலும், ஒப்படர்த்தியை 1.025 அளவிலும் காக்க வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியம் நீரில் இருத்தல் வேண்டும். நீரோட்டம் இரவுபகல் ஓயலாகாது. மின்சாரம் நெடுநேரம் தடைப்படின் அனைத்தும் அழியக்கூடும். பவளங்களை நெருக்கி வைத்தால் அவற்றுட் பல, இரவில் கொட்டும் இழைகளை நீட்டி அண்டையிலுள்ளதைக் கொல்லும். அப்போரை மூட்டியவர் யார்? இன்னும் ஒரு நிறம், இன்னும் ஒரு வகை என்று இடமறியாது சேர்த்தவரே அல்லரோ?

“ஒரு கிளையை நறுக்கி ஒட்டினால் அது புதிய குடியிருப்பாகிறது, இதில் தீங்கென்ன?” என்பர் சிலர். தொட்டியிலேயே பெருக்கியதைக் கைமாற்றுவோர் கடலிற் பறிப்போரினும் மேலானவர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், கடலிலிருந்து பெயர்த்தவையும் உலகச் சந்தையில் விலைபோகின்றன. கொடாததைக் கொள்ளாமை நமது சீலம். உயிர் வாணிபம் இல்லறத்தார்க்கு விலக்கப்பட்ட ஐந்தனுள் ஒன்று. கடல் எவருக்கும் அதனைக் கொடுக்கவில்லை. அங்கு வாழும் மீனினங்கள் தம் வீட்டை விற்கவுமில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இதனை ஏற்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும், 2001 முதல் கல்பவளங்களும் இடம்பெற்றுள்ளன. அதற்கு முன் பல்லாண்டு மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளங்கள் வெட்டப்பட்டன. அரணிழந்த பூவரசன்பட்டி உள்ளிட்ட இரு தீவுகள் கடலுள் மூழ்கின. ஆதலின், குற்றம் தொட்டி வைப்போரது மட்டுமன்று. வீடு கட்டினோரது வேட்கையும் அதில் உண்டு.

இங்கு மற்றொன்றையும் நோக்குக. சிதைந்த அத்திட்டுகளில் தூத்துக்குடிக் கடலாய்வாளர்கள் பவளத் துண்டுகளை நட்டு வளர்த்து வருகின்றனர். தொட்டி வைப்போரும் நறுக்குகின்றனர், இவர்களும் நறுக்குகின்றனர். கை செய்வது ஒன்றே. முன்னையது தனக்கென வைத்துக்கொள்ள. பின்னையது கடலுக்கே திருப்பித் தர. எண்ணமே வினை எனப் பகவர் அருளியதன் பொருள் இவ்விடத்து விளங்கும்.

ஆகவே, ஓர் உயிரைச் சேர்க்க விழையும் எவரும் தம்மையே மூன்று வினவுதல் நன்று. இது எங்கிருந்து வந்தது? இதனைப் பேணும் ஆற்றல் நமக்கு நெடுநாள் உண்டா? நாம் விரும்புவது இதன் வாழ்வையா, இதன் உடைமையையா? மூன்றாவதற்கு நேர்மையாக விடை கூறுதல் அரிது. அவ்விடை கிடைக்குமளவும் கையை நீட்டாதிருப்பதே அறம். அழகைக் கண்டு மகிழ்ந்து, அதனை அதன் இடத்திலேயே விட்டு வரும் மனம் ஒருவர்க்கு வாய்க்குமாயின், அவர் இழந்தது யாதுமில்லை.