ஓய்வும் கடப்பாடும்

மனிதன் பொறியல்லன், அவனுடைய உடலுக்கு ஓய்வு வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயின், ஒரு நாட்டின் தலைசிறந்த வீரர்களுக்கு அளிக்கப்படும் ஓய்வு, அவர்களை எதிர்கொள்ளக் காத்திருக்கும் இன்னொரு நாட்டுக்கு அவமதிப்பாகுமா? விளையாட்டுலகில் அடிக்கடி எழும் இவ்வினா, உண்மையில் ஓர் அறவியல் வினாவாகும்.

2021ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இவ்வினா கொழும்பில் எழுந்தது. இந்தியாவின் முதன்மை வீரர் பலர் டெஸ்ட் தொடருக்காக இங்கிலாந்தில் தங்கியிருக்க, ஷிகர் தவான் தலைமையில் வேறோர் அணி இலங்கைக்கு வந்தது. இரண்டாந்தர அணியை ஏற்பது இலங்கைக் கிரிக்கெட்டுக்கு இழுக்கு என்றும், தொலைக்காட்சி வருவாய்க்காகவே நிருவாகத்தினர் இணங்கினர் என்றும், 1996இல் உலகக் கிண்ணம் வென்ற அணியின் தலைவர் அர்ஜுன ரணதுங்க கண்டித்தார். வந்த இருபதின்மருள் பதினால்வர் ஏற்கெனவே இந்தியாவுக்காக ஆடியவர்கள் எனக் கிரிக்கெட் சபை விடையிறுத்தது. இரு சாராரும் எண்ணியது பெயர்களையே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

பெயரைக் கொண்டு மட்டும் தகுதியை அளக்கலாகாது. 2019 செப்டெம்பரில், பாதுகாப்பை முன்னிட்டு இலங்கையின் முன்னணி வீரர் பதின்மர் பாகிஸ்தான் செல்ல மறுத்தனர். அவர்களுக்குப் பதிலாகத் தசுன் சானக்க தலைமையிற் சென்ற இளைஞர்கள், இருபது ஓவர் ஆட்டத்தில் அப்போது தரவரிசையின் முதலிடத்தில் இருந்த பாகிஸ்தானை லாகூரில் மூன்று ஆட்டங்களிலும் வென்றனர்.

இதற்கு மாறான நிகழ்வும் உண்டு. 1998 யூனில் முன்னணி வீரர் பலரின்றி அவுஸ்திரேலியா சென்ற இங்கிலாந்து றக்பி அணி, பிரிஸ்பேனில் 76க்கு 0 எனத் தோற்றது. விருந்தளித்தோர் சினந்தனர். ஆயினும், அத்தோல்வியைக் கண்ட இளைஞருள் ஒருவரான ஜொனி வில்கின்சனே 2003இல் சிட்னியில் உலகக் கிண்ணத்தை வென்றளித்த உதையை உதைத்தார். முதல்வர் ஒதுங்கும்போதே இளையோர்க்கு வாயில் திறக்கின்றது.

வீரனின் பக்கத்து நியாயமும் புறக்கணிக்கத்தக்கதன்று. 2011 ஏப்ரலில் லசித் மாலிங்க, முழங்கால் உபாதையைக் காரணங்காட்டி 27ஆவது வயதில் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விலகினார். ஆனால், இந்தியன் பிரீமியர் லீக்கில் தொடர்ந்து ஆடினார். நாட்டுக்கு மறுத்த உடலைப் பணத்துக்கு அளித்தார் எனப் பழித்தல் எளிது. நான்கு ஓவர்களைத் தாங்கும் முழங்கால் ஐந்து நாட்களைத் தாங்கும் என்று பிறர் உறுதி கூறல் இயலுமா? உடலின் எல்லையை அவ்வுடலுக்குரியவனே அறிவான்.

அவ்வாறாயின் தவறு எங்கே உள்ளது? ஓய்வில் அன்று, ஓய்வு பங்கிடப்படும் முறையிலேயே உள்ளது. செல்வம் மிக்க நாட்டோடு ஆடும்போது எவரும் களைப்படைவதில்லை. கோடிகள் புரளும் லீக் ஆட்டங்களிலும் களைப்பு நினைவுக்கு வருவதில்லை. சிறிய நாட்டின் முறை வரும்போதே அது நினைவுக்கு வருமாயின், அவ்வோய்வு மருத்துவம் அன்று, மதிப்பீடு. ஓய்வின் சுமையை எல்லா நாடுகளும் மாறி மாறிச் சுமத்தலே நீதியாகும். முழு அணி வராதென்பதை முன்கூட்டியே வெளிப்படையாகக் கூறுதலும் கடப்பாடாகும்.

இந்நீதி பிழைக்கும்போது இழப்பு யாருக்கு? அந்த யூலை 29ஆம் திகதி, பார்வையாளரற்ற பிரேமதாச விளையாட்டரங்கில், இலங்கை முதன்முறையாக இந்தியாவுக்கெதிரான இருபது ஓவர் தொடரைக் கைப்பற்றியது. வனிந்து ஹசரங்க 9 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகளை வீழ்த்தினார். முதன்மை வீரர்கள் முன்னரே வரவில்லை. வந்தோரிலும் ஒருவருக்குத் தொற்று ஏற்பட, அவரோடு நெருங்கிப் பழகிய எண்மர் தனிமைப்படுத்தப்பட்டிருந்தனர். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தொலைக்காட்சி முன் மகிழ்ந்தோர் உள்ளத்திலும், 'வென்றது யாரை?' என்ற ஐயம் எழுந்திருத்தல் இயல்பே. தோல்வியைத் தாங்கிக்கொள்ளலாம், பெற்ற வெற்றியை ஐயுற நேர்வதே கொடிது. எதிரணிக்கு ஒரு நாடு செலுத்த வேண்டிய கடன் புகழ்பெற்ற பெயர்கள் அல்ல. ஐயத்துக்கிடமின்றி வெல்லவோ தோற்கவோ வாய்ப்பளிப்பதே அக்கடன்.