மறைக்கப்பட்ட மாத்திரை

மகளின் மனநோயை மணமகன் வீட்டாருக்கு மறைப்பது அவள்மீது கொண்ட அன்பாகுமா? பாலவனத்தம் தொடங்கித் திருச்சுழி வரை விரியும் நம் கரிசல் ஊர்களில் இக்கேள்வியை நாம் வாய்விட்டுக் கேட்பதில்லை. “கல்யாணம் முடிந்தால் தெளிந்துவிடும்” என்கிறோம். உண்மையைச் சொன்னால் சம்பந்தம் முறியும் என்னும் பெற்றோரின் அச்சமும் பொய்யன்று. ஆயினும் அந்த மௌனத்தின் விலையைக் கொடுப்பவர் யார் என்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அளவிறந்த எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வருத்துவது இருமுனை மனநோய். அதற்குத் தரப்படும் மருந்துகளுள் ஒன்று வால்புரோயேட். கருவுற்ற தாய் இதனை உட்கொள்ளும்போது ஏறத்தாழ 10 குழந்தைகளில் ஒன்று பிறவிக் குறையோடு பிறக்கிறது. 100-க்கு 30 முதல் 40 குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சியில் இடர் நேரலாம். மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்த நான்கு வாரங்களில் மூடிக்கொள்கிறது. பல பெண்கள் தாம் தாய்மையுற்றதை அறிவதற்கு முன்னரே அக்காலம் கடந்துவிடுகிறது. ஆகவே மருந்தை மாற்றுவது பற்றிய பேச்சு கருவுறுவதற்கு முன்பே நடந்தாக வேண்டும்.

அஞ்சி, தானாகவே மருந்தை நிறுத்துவதும் தீர்வன்று. நோய் மீண்டும் மூளும். பேறுகாலத்தை அடுத்த வாரங்களில் அது தாய், சேய் இருவர் உயிருக்கும் கேடாகலாம். லித்தியத்தால் குழந்தையின் இதயத்திற்கு நேரும் ஆபத்தோ, முன்பு அஞ்சியதைவிடக் குறைவென்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. எது தகும் என்பதை மருத்துவரோடு அமர்ந்தே முடிவு செய்ய இயலும்.

குழந்தைப்பேற்றைத் தள்ளிவைப்பதிலும் இதே நிலைதான். கார்பமசெபின் உண்ணும் பெண்ணிடம் கருத்தடை மாத்திரை வலுவிழக்கும். திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-இல் வெளியிட்ட ‘ஹூமானே வீத்தே’ சுற்றுமடல், உடல், உளம் சார்ந்த தக்க காரணங்களுக்காகக் கருவுறா நாள்களைத் தேர்ந்து பிள்ளைப்பேற்றில் இடைவெளி விடுவதை ஏற்கிறது. ஆனால் எழுச்சி மிக்க நாள்களில் உறக்கம் குலையும். உடல் வெப்பத்தைக் கொண்டு நாள் கணிப்பதும் அதனால் பிழைபடும். அவ்வேளையில் கணவனின் பொறுமையும் அடக்கமுமே அவளுக்குக் காவல். தனக்குச் சொல்லப்படாத நோயில் அவன் எங்ஙனம் துணைநிற்பான்?

இதன் மறு எல்லையாக, “இவளுக்குப் பிள்ளையே வேண்டாம்” என்று பிறர் தீர்ப்பெழுதுவதும் உண்டு. 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டதை நம் பகுதி மறக்கவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளரைச் சங்கிலியிடுவதையும், மனநோய்க்குச் சிகிச்சை என்று மலடாக்குவதையும் ஒரே பிரிவில் தடை செய்கிறது. சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என்றும் அது கூறுகிறது. தாய்மையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவளுக்கும் உண்டு. உண்மை அறியாதவளுக்கு அவ்வுரிமையால் பயனென்ன?

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும், 2022-இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. திருமண ஆயத்த வகுப்புகளிலும் நம் குடும்பங்களிலும் இந்நோயைச் சர்க்கரை நோயைப் போலக் கூசாமல் பேசத் தொடங்குவோம். புகுந்த வீட்டில் ஒரு பெண் ஒளிக்காமல் தன் மாத்திரையை உண்ண முடியுமானால், பிறக்கப்போகும் குழந்தைக்கு நாம் செய்யும் முதல் நன்மை அதுவே.