காற்றும் தடியும்

இறைவனிடம் சரணடைந்தவனுக்குச் செயல் உண்டா? வைணவத்தில் வடகலையார் தாயைப் பற்றும் குரங்குக்குட்டியைப் போலப் பற்றிக்கொள்ளச் சொல்வர்; தென்கலையார் தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைப் போலத் தன்னை விட்டுவிடச் சொல்வர். பம்பு பழுதுபார்த்தே வயதான நான் இதைக் காற்றாலையின் கீழே நின்றுதான் யோசித்திருக்கிறேன்.

1854இல் அமெரிக்காவில் டேனியல் ஹாலடே உருவாக்கிய காற்றாலை, காற்று மிஞ்சினால் தானே வேகத்தை அடக்கிக்கொள்ளும். அந்த வகை ஆலைகளில் சக்கரம் சுற்ற, கிராங்க் அதை மேல்கீழ் அசைவாக்கும். நீண்ட தடியொன்று கிணற்றுக்குள் பிஸ்டனை இழுக்கும். ஏறும்போதுதான் நீர் வரும். இறங்கும்போது வால்வு திறந்து, பிஸ்டன் நீருக்குள் சும்மா புகுந்து போகும். அந்தச் சும்மா இருப்பும் வேலைதான்!

தடிக்குச் சொந்த பலம் கிடையாது. ஆனால் அது கழன்றால், எவ்வளவு காற்றடித்தும் தொட்டி நிறையாது. பலமெல்லாம் காற்றுடையது, பாரமெல்லாம் தடியுடையது. ஆகவே என் தீர்ப்பு: அந்தத் தடியைப் போலப் பூனைக்குட்டிக்கும் செயல் உண்டு.