மதிப்பெண் இல்லாத இடம்

மதிப்பெண் பட்டியலில் இலக்கிய மன்றத்துக்குக் கட்டம் கிடையாது. சாரணர் இயக்கத்துக்கும் இளையோர் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் பசுமைப் படைக்கும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அங்கே பிள்ளைகள் பயமில்லாமல் தப்பு செய்கிறார்கள்.

வகுப்பில் வரிசையைத் தீர்மானிப்பது ரேங்க். மன்றத்தில் மைக் பிடிக்கத் தெரிந்தவன், கோலம் போடத் தெரிந்தவள், நாற்காலி அடுக்க அலுக்காதவன் என்று வேறொரு வரிசை உருவாகிறது. கடைசி பெஞ்சு முன்னுக்கு வருவது பெரும்பாலும் இங்கேதான். ஆள் சேர்ப்பது, வசூலான சில்லறைக்குக் கணக்கு எழுதுவது, தன் யோசனை தோற்ற பிறகும் ஜெயித்தவன் யோசனைக்குத் தோரணம் கட்டுவது எல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டு வருவதில்லை. அதிலும் அந்தக் கடைசி வித்தை பெரியவர்களில் பலருக்கே கைவரவில்லை.

1907இல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் சாரணர் முகாமில், ஒவ்வோர் அணிக்கும் தலைவன் அந்தச் சிறுவர்களில் ஒருவன்தான். பெரியவர்கள் சற்றே விலகி நின்றதில் இருக்கிறது சூட்சுமம்.

நம் ஊரில் பத்தாம் வகுப்பு வந்ததும் முதலில் நிற்பது மன்றம். அந்தப் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடனாக வாங்கிக்கொள்கிறார், திருப்பித் தருவதில்லை.