வரம் வாங்கியவனின் தாய்

சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் அவனை முதலில் கெட்டவனாகத்தான் எழுதினார்கள். 1933இல், பள்ளிப் பையன்களாக இருந்தபோது, தாங்களே நடத்திய சிறு பத்திரிகையில் வந்த கதை அது. இலவச ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் ஏழை ஒருவனை ஒரு விஞ்ஞானி கூட்டிப்போய் மருந்து கொடுக்கிறான். அடுத்தவர் மனத்தைப் படிக்கும் சக்தி வருகிறது. உடனே உலகத்தையே ஆளக் கிளம்பிவிடுகிறான். மருந்தின் வேகம் இறங்கியதும் பழையபடி ரொட்டி வரிசை. நாம் அறிந்த நல்ல சூப்பர்மேன் 1938இல்தான் வந்தான். ஆகவே 2019இல் 'பிரைட்பர்ன்' என்ற பயங்கரப் படம் வந்தபோது, சூப்பர்மேன் கதையைத் தலைகீழாக்கிவிட்டார்கள் என்று பலர் வியந்ததில் எனக்கு உடன்பாடில்லை.

கல்லூரியில் படிக்கும் பேரன்தான் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினான். கான்சாஸில் பிள்ளையில்லாத ஒரு விவசாயக் குடும்பம். வானத்திலிருந்து ஒரு கலம் விழுகிறது, உள்ளே குழந்தை. பிராண்டன் என்று பெயர் வைத்து வளர்க்கிறார்கள். பன்னிரண்டு வயதில், கொட்டகைக்கு அடியில் ஒளித்துவைத்த கலம் அவனைக் கூப்பிடுகிறது. அதன் பிறகு அவன் செய்வதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் சொல்ல முடியாது. ஒருநாள் அப்பா அவனை வேட்டைக்கு என்று காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பின்மண்டையில் சுடுகிறார். குண்டு இறங்கவில்லை.

எனக்கு வீராம்பட்டினம் நினைவுக்கு வந்தது. புதுச்சேரியில் எங்கள் அரியாங்குப்பத்துக்குப் பக்கத்து ஊர். அங்கே வானத்திலிருந்து எதுவும் விழவில்லை, தண்ணீரிலிருந்து வந்தது. மீனவர் ஒருவர் வலையில் மீனுக்குப் பதில் மரக்கட்டை ஏறியது, வீட்டில் விறகுக்கென்று வெட்டப்போனபோது ரத்தம் பீறிட்டது, அதுதான் செங்கழுநீர் அம்மன் என்பது ஊர் சொல்லும் கதை. ரத்தம் கக்கும் கட்டையைக் கண்டு பயப்படாதவர் யார்? ஆனால் கோடரியைக் கீழே போட்டார்கள். இது நல்லதா கெட்டதா என்று ஆராயவும் இல்லை. இருக்க ஓர் இடம், ஆண்டுக்கு ஒரு தேர், இழுக்க வடம் என்று முறை செய்து கொடுத்துவிட்டார்கள். ஆடி வெள்ளித் தேரை பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்தார், இன்றைக்குத் துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். சக்தி எங்கிருந்து வந்தாலும் அதை ஊர் நடுவில் உட்காரவைத்துவிடும் சாமர்த்தியம் இது. எல்லா நேரமும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன்.

நான் மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். மின்னல் இறங்கிய டிரான்ஸ்பார்மர் என்ன கதியாகும் என்று கண்ணால் பார்த்தவன். அதனால் 2021 கிறிஸ்துமஸை ஒட்டி வந்த மலையாளப் படம் 'மின்னல் முரளி'யில் மின்னல் தாக்கிய இரண்டு பேர் எழுந்து நடந்தபோது சிரித்தேன். போகப்போக சிரிப்பு நின்றது. ஒரே இரவு, ஒரே மின்னல். தையல்காரன் ஜெய்சன் ஊரைக் காக்கிறான், டீக்கடையில் வேலை பார்க்கும் ஷிபு ஊரை எரிக்கிறான். ஷிபுவாக நடித்தவர் நம் தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம். பைத்தியக்காரன் என்று ஊர் ஒதுக்கியவன், ஒருத்திக்காகவே வருஷக்கணக்கில் காத்திருந்தவன், அவளும் போனதும் யாரையும் விட்டுவைக்கக் கூடாது என்று ஆகிவிடுகிறான். ஜெய்சனும் சொக்கத்தங்கம் இல்லை. அமெரிக்கா போனால் போதும் என்றிருந்தவன். ஆனால் தீயில் பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட தகப்பனுக்குப் பிறந்தவன் என்று அவனுக்குத் தெரியவருகிறது. ஷிபுவுக்குச் சொல்ல அப்படி ஒரு கதை இல்லை. ஊர்தான் அவனைக் கெடுத்தது என்று சொல்லி மனத்தை ஆற்றிக்கொள்ளலாம்.

'பிரைட்பர்ன்' அந்த ஆறுதலைத் தருவதில்லை. பிராண்டனுக்குக் குறை ஒன்றும் வைக்கவில்லை. தூக்கி வளர்த்த அம்மா, பிறந்தநாள் கொண்டாடிய அப்பா, பள்ளிக்கூடம், வயிறாரச் சோறு. இருந்தும் அப்படி ஆனான். ரத்தத்தைவிட எனக்குப் பயம் தந்தது இதுதான்.

இதே கதை தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூரில் இருக்கிறது. பாகூர்ப் பக்கம் எங்கள் புதுச்சேரி மண்ணைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகும் அதே ஆறு. ஈசன் வீரம் காட்டிய எட்டுத் தலங்களான அட்ட வீரட்டத்தில் அந்தகாசுர வதம் நடந்த தலம். பார்வதி விளையாட்டாக ஈசனின் கண்ணைப் பொத்தினாள், உலகம் இருண்டது, அவள் கை வியர்வையில் பார்வையில்லாத ஒரு பிள்ளை பிறந்தது. பிள்ளை வேண்டித் தவமிருந்த அசுரன் இரணியாட்சனுக்கு அதைக் கொடுத்தார்கள். தத்துப்பிள்ளை வளர்ந்தான், தவம் செய்தான், வரம் வாங்கினான். கடைசியில் பெற்றவள் என்று தெரியாமல் பார்வதியையே விரும்பிப் படையெடுத்தான். சிந்திய ரத்தத் துளி ஒவ்வொன்றிலிருந்தும் இன்னொரு அந்தகன் எழுந்தான். ஹாலிவுட்காரர்கள் இந்தக் காட்சிக்கு என்ன செலவு செய்வார்களோ.

மாதம் ஒரு ஞாயிறு சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். ஆணவம் என்கிற மலம், அந்த அழுக்கு, உயிருக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டியதில்லை, என்றைக்கும் உடன் இருப்பது, செம்பில் களிம்பு மாதிரி என்று அங்கே சொன்னபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கடற்கரை ஓரக் கம்பங்களில் செம்புக் கம்பி எப்படிப் பச்சை பூத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் வரம் யாரையும் கெடுப்பதில்லை. உள்ளே இருந்ததற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இதை என்னிடமே பார்த்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. எங்கு பார்த்தாலும் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. எந்தத் தெருவுக்கு முதலில் கரண்ட் வரும் என்று எங்கள் முகத்தைப் பார்த்தபடி ஜனங்கள் நின்றார்கள். வயதில் மூத்தவர்கள் 'ஐயா' என்றார்கள். வழக்கமாகக் கண்டுகொள்ளாத வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். உடம்பு முறிகிற வேலைதான். ஆனால் அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. கரண்ட் வந்ததும் அது நின்றுபோனது, அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. ஒரு ஏணி, ஒரு கட்டிங் பிளேயர், இந்த அளவு வரத்துக்கே இப்படி.

ஆக, தொடக்கத்தைப் பொறுத்தவரை சித்தாந்தம் 'பிரைட்பர்ன்' பக்கம்தான் நிற்கிறது. வளர்ப்பு, ஊர், அன்பு எல்லாவற்றுக்கும் முன்பே ஆணவம் உள்ளே இருக்கிறது. முடிவில்தான் பிரிகிறது. அந்தகனைச் சூலத்தில் குத்தித் தூக்கிய ஈசன் அவனைக் கொன்று எறிந்துவிடவில்லை. சூலத்தின் மேலேயே அவன் வற்றினான், ஆணவம் வற்றியது, அங்கிருந்தே துதித்தான், சிவகணங்களில் ஒருவன் ஆனான். சூரபன்மன் மயிலும் சேவலுமாக முருகனிடமே இருந்துவிட்டதும் இப்படித்தான். மறக்கருணை என்பார்கள். தண்டனையாகத் தெரிவது உள்ளபடி அருள், மலம் பரிபாகம் ஆவதற்கான, அதாவது பக்குவப்பட்டுக் கழல்வதற்கான, வழி.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தகனை வளர்த்தவள் என்ன ஆனாள்? நான் கேட்ட எந்தக் கதாகாலட்சேபத்திலும் அவள் அழுதாளா என்று யாரும் சொன்னதில்லை. கணங்களில் ஒருவனாக ஆகும்முன் அவன் கையில் செத்தவர்கள் கணக்கிலும் வருவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் புராணத்தைவிட அந்த அமெரிக்கப் படம் மேல். கடைசிவரை நம்பிக்கையை விடாத அந்த அம்மா, மகன் யார் என்று புரிந்ததும், அவன் வந்த கலத்தின் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்கிறாள். அவன் தோலைக் கீறக்கூடியது அது ஒன்றுதான். அவனை அணைத்துக்கொண்டே குத்தக் கையை ஓங்குகிறாள். அவன் பார்த்துவிடுகிறான். மேகத்துக்கு மேலே தூக்கிப்போய் விட்டுவிடுகிறான்.

இதை வகுப்பில் சொல்லி, அவள் செய்தது மறக்கருணை இல்லையா என்று ஆசிரியரைக் கேட்டேன்.

"ஆகாதுங்க. பிள்ளையோட மலத்தைத் தாய் எடுக்க முடியாது. அது சிவன் ஒருத்தனாலதான் ஆகும்" என்றார்.

"அருள் ஏதாவது ஒரு கை வழியாத்தானே வரணும் ஐயா? வீரட்டத்துல சூலம் புடிச்ச கை. அங்கே அந்தம்மா கையா இருக்கக் கூடாதா?"

"அந்தக் கைதான் தோத்துப்போச்சே."

"தோத்ததால அருள் இல்லேன்னா, ஜெயிச்சவன் எல்லாம் சிவன் ஆயிடுவானே ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சூலத்தின் மேல் அந்தகன் வற்றும்போது பக்கத்தில் பார்வதி நின்றிருப்பாளா, பார்த்துக்கொண்டிருந்தாளா என்று என்னையே திருப்பிக் கேட்டார். பெற்றவள் அவள்தானே.