படமும் வலியும்

ஒரு மனிதனுடைய வலியை அறிய அவன் வாய்ச்சொல்லை நம்புவதா, அவன் உடம்பைப் பிடித்த படத்தை நம்புவதா? அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மக்களோடு பழகும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி எழுகிறது. வானம் பார்த்த பூமி இது. நாளெல்லாம் குனிந்து களையெடுப்பவர்களும், குழித்தறியில் கால் நுழைத்து உட்கார்ந்திருப்பவர்களும் வாழ்கிற சீமை. இடுப்புவலி இல்லாத வீடு இங்கே அபூர்வம்.

எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவருக்கு இடுப்பில் தோன்றிய வலி, தொடை வழியே காலுக்கு இறங்கியது. மதுரைக்குப் போய் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு விலகியிருப்பதாகத் தெரிந்ததும், மனைவியின் நகையை அடகு வைத்து ஆபரேஷனுக்குக் கிளம்பிவிட்டார்.

“படத்திலேயே தெரியுதே அண்ணாச்சி, இனிமே என்ன யோசனை?” என்றார்.

விலகிய ஜவ்வு நரம்பை அழுத்தினால் இத்தகைய வலி வரும் என்பதை 1934-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் விளக்கிக் காட்டினார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. அதையும் காட்டுகிற எம்.ஆர்.ஐ. முறைக்கு வழிகண்ட லாட்டர்பரும் மான்ஸ்ஃபீல்டும் 2003-இல் நோபல் பரிசு பெற்றார்கள். கத்தி வைக்கும் முன் இடமறிய அது அருமையான கருவிதான்.

ஆனால், முதுகுவலியே இல்லாத 98 பேரை அமெரிக்காவில் இப்படிப் படம் எடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் வெளியான அந்த ஆராய்ச்சியின்படி, அவர்களில் நூற்றுக்கு 52 பேருக்கு ஓரிடத்திலாவது ஜவ்வு புடைத்திருந்தது! படம் பொய் சொல்லவில்லை. புடைப்பைக் காட்டியது, வலியை அது எப்படிக் காட்டும்?

நெசவாளரை வேறொரு டாக்டர் மல்லாக்கப் படுக்க வைத்தார். முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்த்தார். பாதத்தின் பலத்தைச் சோதித்தார். எங்கே மரத்திருக்கிறது என்று கேட்டார். பிறகு ஆறு வாரம் பொறுக்கச் சொன்னார். வலி தணிந்தது. பெரும்பாலோருக்கு அப்படித்தான் தணிகிறது. எல்லோருக்கும் அல்ல. கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ ஒருநாள்கூடத் தாமதிக்கலாகாது.

படத்தின் மீது ஏழைக்கு ஏன் இத்தனை நம்பிக்கை? அவன் சொல்லை யாரும் சாட்சியாக ஏற்பதில்லை. ஆகவே காகிதச் சாட்சி தேடுகிறான். இதற்கு மறுபக்கமும் உண்டு. படத்தில் கோளாறு இல்லையென்றால், களையெடுக்கும் பெண்ணின் வலியைச் சோம்பல் என்று சொல்லிவிடுகிறோம். தேவையில்லாமல் அறுப்பதைவிட இது சிறிய கொடுமையா?

‘நான் யார்?’ என்று விசாரித்த ரமணர் 1879-இல் பிறந்த ஊர் திருச்சுழி. ‘இந்த உடம்பு நான் அல்ல’ என்று உணரும் உயரம் நம் போன்றவர்களுக்கு எட்டாது. ‘இந்தப் படம் நான் அல்ல, நான் சொல்வதையும் கேளுங்கள்’ என்றாவது டாக்டரிடம் சொல்லலாம் அல்லவா?