ஆடாதவரின் மகிழ்ச்சி

மனிதர் ஏன் விளையாடுகின்றனர் என்ற வினாவுக்கு விடை கூறுதல் எளிது. வேறொருவர் விளையாடுவதைக் காண்பதற்காக ஒருவர் தம் பொருளைச் செலவிட்டு, விடுப்பெடுத்து, நெடுந்தொலைவு செல்கிறாரே, அதற்கு விடை கூறுதல் அத்துணை எளிதன்று. ஆட்டத்தில் அவருக்குப் பங்கில்லை, பரிசிலும் பங்கில்லை. வெல்பவருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. இருந்தும் போகிறார். இது வீண் செயலா, பாவமா, அல்லது நாம் மதிக்கத் தவறிய நற்பண்பு ஒன்றா?

இவ்வினாவை நம்மிடம் எழுப்பியவர் திண்டுக்கல் வெங்காயச் சந்தையில் வேலை செய்யும் ஒரு தாய். அவருடைய மகன் இங்கிலாந்தில் செவிலியராகப் பணிபுரிகிறார். உலக ஸ்நூக்கர் போட்டியைக் காண ஷெஃபீல்டு நகருக்கு இரயிலேறிச் சென்று, இரண்டு நாள் தங்கி, ஆட்டம் பார்த்துத் திரும்பியிருக்கிறார். கைப்பேசியில் வந்த படத்தைக் காட்டி அத்தாய் கேட்டார்: “மேசை மேல கெடக்குற பந்த ஒருத்தன் குச்சியால தள்ளுறதப் பாக்கவா சாமி, இம்புட்டுக் காசு?”

இது நமக்கு முற்றிலும் அந்நியமான ஆட்டமன்று. 1875இல் ஜபல்பூரில் முகாமிட்டிருந்த நெவில் சேம்பர்லின் என்னும் இளம் படை அதிகாரி (பின்னாளில் பிரதமரான சேம்பர்லின் வேறொருவர்) இதனைத் தொடங்கி வைத்தார் என்றும், 1882இல் நம் உதகமண்டலத்துக் கிளப்பில் இதன் விதிகள் எழுதி மாட்டப்பட்டன என்றும் கூறுவர். பன்னிரண்டடி நீள மேசை. பதினைந்து சிவப்புப் பந்துகள். ஆறு வண்ணப் பந்துகள். அவற்றை மோதிக் குழியில் விழச்செய்ய ஒரு வெள்ளைப் பந்து. கேரம் ஆடியவர்களுக்கு இதன் நுட்பம் ஓரளவு விளங்கும். ஆனால் கேரத்தில் ஸ்ட்ரைக்கரை ஒவ்வொரு முறையும் நம் கோட்டில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். இங்கே வெள்ளைப் பந்து எங்கு நின்றதோ அங்கிருந்தே அடுத்த அடி. ஆகவே ஒவ்வோர் அடியிலும் அடுத்த அடியின் தலைவிதியும் அடங்கியிருக்கிறது.

இப்போட்டி 1977 முதல் குரூசிபிள் என்னும் நாடக அரங்கில் நடைபெற்று வருகிறது. ஏறத்தாழ 980 பேரே அமரக்கூடிய சிறிய அரங்கு அது. ஒருவர் மேசையருகே நின்று ஆடும்போது மற்றவர் நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டும். எதிராளி தவறும்வரை அவருக்கு யாதொரு வேலையும் இல்லை. இறுதியாட்டம் அதிக அளவாக 35 சுற்றுகள் கொண்டது. இரண்டு நாள் நீளும். அடி விழும் கணத்தில் அரங்கமே மூச்சடக்கி நிற்கும். புகையிலைப்பட்டியில் ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெறும் ஜல்லிக்கட்டைக் கண்டு வளர்ந்த நம் மக்களுக்கு, கூச்சலில்லாத கூட்டம் என்பதே புதிராகத் தோன்றும். தொலைக்காட்சியில் பந்துகள் இன்னும் தெளிவாகத் தெரியும் என்பதும் உண்மையே. ஆயினும் பெருந்தொற்று ஆண்டான 2020இல் பெரும்பாலும் வெற்றிருக்கைகளின் நடுவே ஆட்டம் நடந்தபோது, அடியும் பந்தும் மேசையும் மாறவில்லை. ஆனால் நல்ல அடிக்குச் சாட்சி இல்லாமற்போயிற்று. (அதே ஆண்டில் வெறுமையான ஆலயத்தில் திருப்பலி நிறைவேற்றிய நாம் இதை மேலும் விரித்தால் மறையுரையாகிவிடும்; விட்டுவிடுவோம்.)

செலவைப் பற்றிய ஐயத்துக்குப் புனித தோமா அக்குவினாஸ் எப்போதோ விடையளித்துவிட்டார். விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டென்று கூறும் அவர், திருத்தூதர் யோவானைப் பற்றிய பழங்கதை ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். நம் பெரியவர்கள் அருளப்பர் என்று அழைத்த அதே யோவான்தாம். அவர் தம் சீடரோடு விளையாடக் கண்டு சிலர் முகஞ்சுளித்தனராம். அவரோ, வில் வைத்திருந்த ஒருவனை அம்பெய்யச் சொன்னார். மீண்டும் மீண்டும் எய்யச் சொன்னார். இப்படியே ஓயாமல் எய்ய முடியுமா என்று வினவ, வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனமும் அத்தகையதே என்றார் யோவான். கேளிக்கை புரிவோருக்கு அளவோடு பொருள் தருவது அவர்தம் உழைப்புக்குரிய நீதி என்பதும், உடைமையை அழித்துக்கொள்ளுமளவு தருவது பாவம் என்பதும் அக்குவினாசின் தீர்ப்பு. வீட்டுக்குப் பணம் ஒழுங்காக வருகிறதா என்று அத்தாயைக் கேட்டோம். “அது மாசம் தவறாம வருது சாமி” என்றார். பணத்தைப் பற்றிய வழக்கு அத்துடன் முடிந்தது.

நம்மை உறுத்துவது வேறொன்று. 1994ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தில் ஜிம்மி ஒயிட்டும் ஸ்டீபன் ஹென்றியும் 17-17 எனச் சமநிலையில் நின்றனர். கடைசிச் சுற்றில், வெற்றியை நோக்கி ஆடிக்கொண்டிருந்த ஒயிட், எளிய கருப்புப் பந்து ஒன்றைத் தவறவிட்டார். ஹென்றி எழுந்துவந்து ஆடி வென்றார். ஆறு முறை இறுதியாட்டம்வரை வந்தும் ஒருமுறையேனும் வாகை சூடாதவர் ஒயிட். அந்தக் கருப்புப் பந்து குழியின் வாயில் மோதி வெளியே நின்ற கணத்தில், ஹென்றியை நேசித்தவர்களின் உள்ளத்தில் எழுந்தது என்ன?

தம் வீரர் வெல்ல வேண்டுமென விரும்புவது குற்றமன்று. ஒருவர் தவறினால்தான் மற்றவர் ஆட முடியும் என்பது விதி. ஆயினும் நேர்ந்த தவற்றால் வரும் வாய்ப்பை ஏற்பது வேறு, அத்தவற்றுக்காக ஏங்கிக் காத்திருப்பது வேறு. பிறருடைய நன்மை தன் பெருமையைக் குறைப்பதாக எண்ணி வருந்துவதே பொறாமை என்று இறையியல் வரையறுக்கிறது. அற்புதமான அடி ஒன்று நிகழ்ந்தபின், அடித்தவர் எதிராளி என்பதற்காகவே நம் முகம் வாடுமானால், அவ்வரையறைக்குள் நாம் வந்துவிட்டோம். ஓசையற்ற அரங்கில் இதைப் பிறர் அறியார். ஜல்லிக்கட்டுக் கூச்சலில் கலந்து மறையக்கூடிய இச்சை, இங்கே மனச்சாட்சியின்முன் தனியே நிற்கிறது.

அழுவாரோடு அழுவதைவிட மகிழ்வாரோடு மகிழ்வதற்கே உயர்ந்த உள்ளம் வேண்டும் என்று புனித யோவான் கிறிசோஸ்தோம் உரோமையர் திருமுகத்துக்கு எழுதிய விளக்கத்தில் குறிப்பிடுகிறார். நம் பங்கில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. இழவு வீட்டில் ஊரே திரண்டு நிற்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தாலோ, “யாரைப் பிடித்தார்களோ” என்ற முணுமுணுப்பு இனிப்பு வருமுன்னே வந்துவிடும்.

ஊதாரி மைந்தன் உவமையில் மூத்தவனை இவ்வாறு நோக்கினால் என்ன? வீட்டுக்குள் இசையும் நடனமும். அவன் ஆட வேண்டியதில்லை. உள்ளே சென்று பார்த்தாலே போதும். அவனால் அது இயலவில்லை. 2025இல் குரூசிபிளில் வாகை சூடிய சீனரான ஜாவோ சின்டாங், அப்பட்டம் பெற்ற முதல் ஆசியர். ஆட்டங்களில் பந்தயம் கட்டியதற்காகவும், வேறொருவர் ஆட்டத்தை விற்றதற்கு உடந்தையாய் இருந்ததற்காகவும் 20 மாதத் தடையை அனுபவித்து, தகுதிச் சுற்றுகளில் தொடங்கி ஏறிவந்தவர் அவர். இறுதியில் ஐம்பது வயது மார்க் வில்லியம்ஸை 18-12 என வென்றார். தண்டனை முடிந்து திரும்பியவருக்குக் கைதட்டுவதா, வாசலிலேயே நின்றுவிடுவதா என்பதை அங்கிருந்த ஒவ்வொருவரும் தம் இருக்கையில் அமர்ந்தே தீர்மானிக்க வேண்டியிருந்தது. கைதட்டுவதே முறை என்பது நம் எண்ணம். குற்றம் சிறிதென்பதால் அன்று, தண்டனை நிறைவேறிவிட்டது என்பதால்.

செவிலியரான அந்த மகன் விடுமுறையில் வந்தபோது, தாம் விரும்பிய ஆட்டக்காரர் தோற்றதாகவும், வென்றவருடைய ஆட்டத்தில் மெய்ம்மறந்து எழுந்து கைதட்டியதாகவும் நம்மிடம் கூறினார். பங்கின் இளைஞர் மன்றத்தில் இரண்டு கேரம் பலகைகள் உள்ளன. ஆடுபவர் நால்வர் என்றால் சூழ்ந்து நிற்பவர் பத்துப் பேர். ஸ்ட்ரைக்கரில் விரல் வைத்தவுடன் “விழாது, விழாது” என்று அப்பத்துப் பேரும் கத்துவார்கள். அன்று மாலை அம்மகன் அவர்களிடம், அடி முடியும்வரை எவரும் வாய் திறவாமல் ஒரே ஓர் ஆட்டத்தைப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டார். சிவப்புக் காய்வரை தாக்குப்பிடித்தார்கள்.